கயிறு அசையட்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடிக்காரர்கள் ஓர் எண்ணாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அது கூடுதல். மழை ஓய்ந்த பிறகும் எங்கள் தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வாசலிலிருந்து மேட்டுச் சாலை வரைக்கும் ஹாலோ பிளாக் கற்களை ஓர் எட்டுக்கு ஒன்றாகப் போட்டு, அவற்றின் மேல் கால்வைத்துத்தான் பாலுக்கும் மருந்துக்கும் போய்வந்தோம்.

மூன்றாவது நாள் அந்தக் கற்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, கரண்ட் கிடையாது, செல்போனில் சார்ஜ் கிடையாது. சாக்கடை கலந்த தண்ணீர் என்று நாங்கள் கத்தக் கத்த, அதில் கால் படாமல் கடப்பதையே ஆட்டமாக்கிக்கொண்டார்கள். முதலில் இரண்டு காலால். பிறகு நொண்டி. பிறகு கையில் சொம்புத் தண்ணீர் சிந்தாமல். கால் தவறியவனைச் சுறா பிடித்துவிட்டது என்று கணக்கு. அவன் வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு முதல் கல்லிலிருந்து மறுபடி வர வேண்டும். அப்போது ஐந்து வயதாக இருந்த என் பேத்திக்குக் கற்களின் இடைவெளி எட்டவில்லை. பெரியவர்களின் எட்டுக்குப் போட்ட கற்கள் அவை. அவள் ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து, காலை நீட்டி அடுத்த கல்லைத் தொட்டுப் பார்த்து, பிறகு எழுந்து தாவினாள். நாலு கல் தாண்டக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் அவள் முகத்தில் இருந்த கவனத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்ததும் கற்களைப் பொறுக்கிப் புறவாசலில் அடுக்கினேன். மறுநாள் காலையில் அடுக்கு கலைந்து, கற்கள் வேப்பமரத்தடி வரைக்கும் வரிசையாகக் கிடந்தன. எங்கள் புறவாசல் தடை தாண்டும் களமானது அப்படித்தான். அதற்கப்புறம் நானும் சேர்ந்துகொண்டேன்.

இந்த வேலைக்குத் தூத்துக்குடியைப் போல வசதியான ஊர் இருக்க முடியாது. துறைமுகத்துக்கு வந்துபோகும் லாரிகளின் தேய்ந்த டயர்கள் பஞ்சர் கடை ஓரங்களில் குவிந்து கிடக்கின்றன. தோணியையும் கப்பலையும் கட்டி ஓய்ந்த கயிறு, கிழிந்த வலை, உடைந்த மீன் பெட்டி, தார்ப்பாய் எல்லாம் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். காயலான் கடை என்ற பேரே காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்று இங்கே சொல்வார்கள். உப்பளத்துச் சாக்கு யார் வீட்டிலும் நாலு இருக்கும். அந்த மழையில் சாய்ந்த பனையை அறுத்துப் போட்டிருந்தவர் இரண்டு துண்டுகளைச் சும்மாவே தந்தார்.

ஆனால் கிடைப்பதையெல்லாம் அப்படியே பிள்ளைகள் முன்னால் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு, ஒரு குற்றமும் உண்டு. டயரின் குற்றம் அதன் வயிற்றில் தேங்கும் தண்ணீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கை தண்ணீர் போதும். அதனால் ஒவ்வொரு டயரின் அடியிலும் ட்ரில்லால் ஐந்தாறு ஓட்டை போட்டோம். ரொம்பத் தேய்ந்த டயரில் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது, பழந்துணியால் துடைத்தால் துணி மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராத்திரியில் தேளும் பூரானும் குடியேறும் என்பதால் தினமும் பிள்ளைகள் வருவதற்குள் எல்லாவற்றையும் தட்டிப் புரட்டிப் போட வேண்டும். ஆறு டயரைப் படுக்க வைத்தோம், இரண்டைப் பாதி புதைத்து நிறுத்தினோம். படுத்தவற்றுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கிணறு. நின்றவை குகை.

பனந்துண்டு மேல் நடப்பதற்கு அருமையான பொருள், சிலாம்பு மட்டும் ஏறாமல் இருந்தால். வாய்ச்சியால் செதுக்கி, சாக்கைச் சுற்றி, கயிற்றால் இறுக்கினோம். ஏறுவதற்கு வலை கட்டலாம் என்று முதலில் கொண்டுவந்தது மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலை. அது பிஞ்சு விரலை அறுத்துவிடும். போதாக்குறைக்கு அதில் ஒரு தூண்டில் முள்ளும் மாட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டை விரல் கனத்துக் கயிற்றில் நாங்களே முடிச்சுப் போட்டோம். இதில் அளவு முக்கியம். மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் இருக்கும் இடைவெளியில் சின்னப் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். விளையாட்டுத் திடல் அமைப்பவர்கள் உலகெங்கும் அஞ்சுவது இந்த இடைவெளிக்குத்தான். கண்ணி ஒன்று அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாராளமாகப் பெரிதாக இருக்க வேண்டும். சுருக்கு விழும் கயிறு கழுத்து உயரத்தில் எங்கேயும் தொங்கவே கூடாது.

துறைமுக ஊரில் மலிவாகக் கிடைக்கும் இன்னொரு பொருள் சரக்கு ஏற்றி வரும் மரப் பேலட். பாலம் கட்ட, சாய்தளம் கட்ட இதைவிட நல்ல மரம் தேட வேண்டாம். வாங்கும்போது அதில் குத்தியிருக்கும் முத்திரையை மட்டும் பார்த்து வாங்குங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளில் பூச்சி இருக்கக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்ற மரம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு அடித்தது. அது பிள்ளைகள் கையும் வாயும் படும் இடத்துக்கு ஆகாது. ஊரில் எத்தனையோ வீடுகளில் கட்டிலும் பெஞ்சும் பேலட் பலகையில் இருக்கின்றன. இந்த இரண்டெழுத்தைத் தெரிந்தவர்கள் குறைவு.

சாக்கில் அரைவாசி மணல் நிரப்பித் தைத்தோம். தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு, ஏறிக் குதிப்பதற்கு, அடுக்கி மதில் கட்டுவதற்கு. உப்பு மூட்டை தூக்குவது என்று தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறுகிறார்கள். நிஜமான உப்பு மூட்டை முதுகில் ஏறி இறங்கும் ஊரில் எங்கள் பிள்ளைகள் அந்தச் சாக்கையே சுமந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓரடி ஆழத்துக்கு மணல். வீடு கட்டியவரிடம் மிஞ்சியிருந்த ஆற்று மணலைச் சலித்துக் கொட்டினோம். எம்-சாண்ட் முனை கூர்மையானது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நடைபாலம் எதுவும் ஒன்றரை அடி உயரத்தைத் தாண்டவில்லை. ஆட்டம் காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலரைக்குப் பின். நடுப்பகலில் எங்கள் ஊர் வெயிலில் டயரைத் தொட முடியாது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் தெருவில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் அவருடைய அப்பா கடலில் இறங்கியிருக்கிறார். களம் உருவான நாளிலிருந்து சாயங்காலம் நாற்காலி போட்டு வேப்பமரத்தடியில் உட்காருவது அவர் வழக்கமானது. ஒருநாள் பனந்துண்டின் நடுவில் என் பேத்தி நின்றுவிட்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப்போனேன்.

“விடுங்க தம்பி. அவ ஒண்ணும் கேக்கலேல்ல? கயிறு அசையட்டும்” என்றார்.

முத்துக்குளிப்பின் முறை தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் புரியும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் ஊன்றி நிற்பார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். மூச்சு பிடித்ததும் குளிப்பவர் சைகை காட்டுவார், கயிறு தளரும், கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். அவர் இறங்கியதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். பிறகு பார் எனப்படும் கடலடித் திட்டின் மேல் சிப்பியைப் பொறுக்கி வலைப்பையில் நிரப்பும் அந்த ஒரு நிமிடம் அவருக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவில் ஒரு கயிறு மட்டும்தான். அடியிலிருந்து கயிறு அசைந்தால் ஒரு கணம் தாமதிக்காமல் இழுக்க வேண்டும். அசையும் முன் பதறி இழுத்தால் அன்றைய முத்து போச்சு, குளிப்பவரின் மூச்சுக் கணக்கும் குலைந்துவிடும். அக்காள் தங்கை தாலிக்கு அஞ்சி ஒருவன் கவனமாக இருப்பான் என்பதால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். சலாபம் என்ற முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டக் கடல்கட்டி என்று ஒருவரும் இருப்பார். வெள்ளைக்கார அரசாங்கம்கூட அவருக்குக் கூலி கொடுத்தது. அவர் மந்திரம் குளிப்பவருக்குத் தைரியம் தந்தது. ஆனாலும் மந்திரத்தை நம்பிக் கயிற்றை யாரும் கைவிட்டதில்லை.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பேத்தி மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, பனந்துண்டைக் குதிரையாக்கி, தள்ளித் தள்ளி அக்கரை சேர்ந்தாள். அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. தூக்கியிருந்தால் அவளுக்கும் தோன்றியிருக்காது.

கயிறு பிடிப்பவருக்கு இன்னொரு வேலை உண்டு. குளிப்பவர் இறங்கும் முன்பே கயிற்றின் ஒவ்வொரு புரியையும், முடிச்சையும் பார்த்திருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு காயத்தின் விலையில். இரண்டு நாள் தூறலில் பனந்துண்டைக் கட்டியிருந்த கயிறு நெகிழ்ந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. ஏழு வயதுப் பையன் ஏறியதும் துண்டு உருண்டது. தாடையில் மூன்று தையல். அவன் அம்மா என்னிடம் கோபப்பட்டதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. அன்றிலிருந்து பிள்ளைகள் வருவதற்கு முன் ஒவ்வொரு கட்டையும் மிதித்து, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்க்கிறேன். உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். இடைவெளி தெரியும். வழுக்கும் என்பதுகூடத் தெரியும். அதற்கேற்பத் தன்னை அது தயார் செய்துகொள்கிறது. நெகிழ்ந்த முடிச்சும் உளுத்த பலகையும் துருவேறிய ஆணியும் அதன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஆபத்தை அகற்றுவது நம் பொறுப்பு. தெரிந்த ஆபத்தையும் சேர்த்து அகற்றிவிட்டால் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பையன் தையல் பிரித்த மறுநாளே வந்தான். அவன் அம்மாவும் கூட வந்து, முடிச்சுகளைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவனை விட்டார்.

தடை தாண்டுவது நமக்குப் புதிய ஆட்டமா? பச்சைக்குதிரையில் தடையே இன்னொரு பிள்ளைதான். குனிபவர் முதலில் கால் விரலைத் தொட்டுக் குனிவார், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை என்று உயரம் படிப்படியாகக் கூடும். எந்தப் பயிற்சியாளரும் வகுத்துத் தராத பாடத்திட்டம் அது. தாண்டுபவரின் திறமைக்குத் தக்கபடி தடை வளர்கிறது. பாண்டியில் கட்டம், கிளித்தட்டில் கோடு. எல்லாவற்றுக்கும் தேவைப்பட்டது தெரு. அந்தத் தெருவை இன்று இருசக்கர வாகனங்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

பெரிய மனிதர்கள் திட்டமிட்டுக் கட்டித் தந்ததைவிடப் பிள்ளைகளுக்குக் கழிவுப் பொருள் பிடிக்கும் என்பதை உலகம் ஒரு போர்க்காலத்தில் கண்டுகொண்டது. டென்மார்க்கில் பூங்காக்களை வடிவமைத்த சோரன்சன், தான் போட்ட அழகான திடல்களை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பிள்ளைகள் பலகையும் செங்கல்லுமாக ஆடுவதைக் கவனித்தார். 1943-ல், ஜெர்மன் படை நாட்டைப் பிடித்திருந்த நேரத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகை, செங்கல், கயிறு இவற்றைப் போட்டு ஒரு திடல் திறந்தார்கள். போர் முடிந்து அங்கே போய்ப் பார்த்த ஆலன் சீமாட்டி, குண்டு விழுந்து தரைமட்டமான லண்டன் மனைகளுக்கு அந்த எண்ணத்தைக் கொண்டுபோனார். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947-ல் தொடங்கி, ஊருக்குள் சும்மா கிடந்த மூலை முடுக்குகளில் எழுநூறுக்கு மேல் விளையாட்டு இடங்களை அமைத்தார். அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவை மணல் தொட்டி, வளைந்த கம்பி, தாவுவதற்குச் சில கற்கள். அந்தத் தாவு கற்களின் படத்தைப் பார்த்தபோது எங்கள் தெருவில் வெள்ளத்தில் கிடந்த ஹாலோ பிளாக்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நம் நாட்டிலேயே பெங்களூரைச் சேர்ந்த ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற அமைப்பு பழைய டயர்களால் பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான திடல்களைக் கட்டியிருக்கிறது. கட்டடக் கலை படித்த பூஜா ராய் தொடங்கியது அது.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களின் உடலசைவுக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆட வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. வெளியில் ஆடுவது கண்ணுக்கும் மருந்து. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் நாற்பது நிமிடம் வெளிவிளையாட்டைக் கூடுதலாகச் சேர்த்து மூன்று வருடம் கவனித்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். நாற்பது நிமிடத்துக்கு இவ்வளவு வித்தியாசம்.

புறவாசல் இருப்பவர் போட்டுக்கொள்ளலாம், மாடிக் குடியிருப்பில் இருப்பவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் களத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் புறவாசல் கிடையாது. அதனால்தான் இதை வீட்டு விஷயமாக மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை.

தமிழ்நாட்டின் 2019-ம் வருடக் கட்டட விதிகளின்படி பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் பொதுவெளியாக விடப்பட வேண்டும். இடம் சட்டத்தில் இருக்கிறது. அதில் என்ன வைக்கிறோம்? எந்த ஊருக்குப் போனாலும் ஒரே அச்சில் வார்த்த சறுக்கு மரம், ஒரே ஊஞ்சல், கீழே பேவர் பிளாக். விழும் பிள்ளைக்குக் கீழே சிமெண்டுக் கல் பதிப்பதை எவ்விதத்திலும் ஏற்க முடியாது. கடலோர ஊர்களில் இன்னொரு கேடும் சேர்கிறது. உப்புக் காற்று இரும்பைச் சில வருடங்களில் தின்றுவிடும். துருப்பிடித்த சங்கிலி அறுந்து, ஊஞ்சல் சட்டம் மட்டும் நிற்கும் பூங்காக்களைக் கடற்கரை நெடுகப் பார்க்கிறேன். பனந்துண்டும் கயிறும் மணலும் உப்புக் காற்றுக்கு அஞ்சாதவை. அழிந்தாலும் மாற்றுவதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை.

தூத்துக்குடி மாநகராட்சிக்கு அறுபது வார்டுகள். வார்டுக்கு ஒன்று என்று அறுபது மணல் களங்கள் போதும் தொடங்க. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சென்ட் இடம், நாலு லோடு மணல், டயர், கயிறு, பனை. கூடவே, சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கயிறு பிடிக்க ஒரு ஆள், அவருக்குக் கூலி. இந்தக் கடைசிச் செலவை விட்டுவிட்டு மற்றதைச் செய்தால் பயனில்லை. கோபன்ஹேகனின் அந்தத் திடலிலும் முதல் நாளிலிருந்தே பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். மாநிலத்தில் ஐம்பத்து நான்காயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பிள்ளைகளும் ஆளும் ஏற்கெனவே இருக்கும் இடங்கள் அவை. வாசலில் பத்தடி மணலும் நாலு டயரும் அங்கே போவதற்கு என்ன தடை?

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எட்டு ஒன்பது வயதானதும் களத்தில் அவர்கள் எண்ணிக்கை குறைகிறது. “பொம்பளப் பிள்ளைக்கு என்ன குதி?” என்று ஒரு ஆச்சி தன் பேத்தியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அந்தப் பெண்தான் வலை ஏறுவதில் எல்லோரையும்விட வேகமானவள். மறுநாள் சங்குகுளித் தாத்தா அந்த ஆச்சியை வேப்பமரத்தடிக்கு அழைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது ஆச்சியும் தினமும் வருகிறார். “அந்தக் கயிறு தொய்யுது பாரு” என்று எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

களம் ஒருநாள் இருந்தபடி மறுநாள் இருப்பதில்லை. சாக்கு இடம் மாறும், டயர் உருளும், பலகை சாயும். நான் போட்ட வரிசையை அவர்கள் ஒரு வாரம்கூட வைத்துக்கொண்டதில்லை. போன மாதம் சேர்ந்த நாலு வயதுப் பையன் முதல் நாள் வந்ததும் ஹாலோ பிளாக் வரிசையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பிறகு ஒவ்வொரு கல்லையும் இரண்டு கையாலும் தள்ளி, ஒன்றுக்கொன்று ஒரு சாண் நெருக்கி வைத்தான். பெரிய பிள்ளைகள் கத்தினார்கள். அவன் கேட்கவில்லை, கடைசிக் கல் வரைக்கும் தள்ளி முடித்துவிட்டுத்தான் முதல் கல்லில் ஏறினான். நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன். மூன்றாவது கல்லை மட்டும் தானாகவே கொஞ்சம் தள்ளிவைத்துக்கொண்டிருந்தான்.